பிரிக்காத சோபா

சோபாவைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழிக்கப் போனபோது, "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவர்கள் ஆச்சரியப்படவில்லை. தென்காசியில் எங்கள் தெருவுக்குச் சாமான் இறக்குகிறவர்களுக்கு இது தெரியும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாங்கிய பொருளை, சம்பாதித்தவர் லீவில் வந்து தொட்ட பிறகுதான் மற்றவர்கள் புழங்குவோம். அதுவரை பிரிட்ஜில் ஸ்டிக்கர் அப்படியே இருக்கும், டிவி ஓரத்தில் தாள் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் போட்ட சட்டமில்லை. நாங்களாக வைத்துக்கொண்ட பழக்கம்தான்.

என் கணவர் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார். இந்தப் புது வீட்டில் அவர் ஒரு ராத்திரி கூடப் படுத்ததில்லை. ஆனால் ஹாலுக்கு அடித்த இளம்பச்சை, ஜன்னல் ஸ்கிரீன், தரையில் விரித்த கார்பெட் எல்லாம் அவர் போனில் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான். நான் கடையில் நின்று ஸ்கிரீன் துணியை விரித்து வீடியோவில் காட்டுவேன். "கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டு போ" என்பார். கடைக்காரர் பாவம், துணியைச் சுமந்துகொண்டு வாசல் வரைக்கும் வருவார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் அதிகமாகப் பேசியது கலரைப் பற்றித்தான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வேறு என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுண்டு. "ஹால் வேலை முடியட்டும், ஒரேயடியா வந்துருதேன்." முதலில் தரை முடிந்தால் என்றார். அப்புறம் பால்ஸ் சீலிங் என்றார், அப்புறம் ஷோகேஸ். கடைசியில் மிச்சமிருந்தது சோபா மட்டும்தான். அதனால் அது வீட்டுக்கு வந்த அன்று ஹாலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இனிமேல் வாங்க ஒன்றும் கிடையாது. மனுசன் வந்துதானே ஆகவேண்டும்.

அவருக்கு முன்னால் சாரல் வந்துவிட்டது. குற்றாலத்தில் சீசன் என்றால் ஊருக்கே கொண்டாட்டம். ஐந்தருவிக்குப் போகிற வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் தெருமுனையைக் கடக்கும். அவர்களுக்கு என்ன, குளித்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். குடியிருக்கிறவர்கள்தான் அனுபவிக்க வேண்டும். துவைத்த துண்டு காய்வதற்குள் நாறிப்போகும். மரபீரோவின் கதவு உப்பிக்கொண்டு சாத்த மாட்டேன் என்னும்.

அவருடைய அம்மா, என் மாமி, மூட்டுவலியோடு பிளாஸ்டிக் நாற்காலியிலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். எதிரில் மூன்று பேர் உட்காரும் மெத்தை.

"ஏட்டி, அந்தச் சோபாவுக்கு என்ன, வருசம் பூரா நோன்பா? எப்பதான் தொறக்கும்?"

"உங்க மவன் வரணும்லா மாமி."

"நான் மௌத்தாப் போறதுக்குள்ள வந்தாச் சரி."

ஒரு நாள் காலையில் கூட்டிப் பெருக்கும்போது பார்த்தேன். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ஓரத்தைத் தூக்கியதும் குப்பென்று ஒரு வாடை. சாய்மானம் முழுவதும் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். எனக்கு ஆத்திரம் வந்தது. சாரல் மேலா, கடை மேலா, அவர் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிளாஸ்டிக்கைக் கத்தியால் கிழித்து வெளியே போட்டேன்.

வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, வெள்ளைத் துணியில் நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுத்தேன். தேய்த்தால் பூசணம் துணிக்குள் இறங்கிவிடும், ஒற்றத்தான் வேண்டும். வெயிலில் வைக்கலாம் என்றால் வெயிலை எங்கே போய்த் தேடுவது? டேபிள் பேனைப் பக்கத்தில் வைத்துச் சுழல விட்டேன். வாடை போக சாம்பிராணி போட்டேன். வீடு ஊறுகாய்க் கடை மாதிரி மணந்தது. கறை போனாலும் அந்த இடத்தில் துணி வெளுத்துத்தான் இருந்தது. போனில் அவரிடம் சொன்னேன். "கலர் போயிருச்சா? எங்க, காட்டு" என்றார். காட்டினேன்.

சோபா காய்ந்ததும் மாமியைக் கூப்பிட்டேன். "இப்பதான் கவர் இல்லையே, வந்து உக்காருங்க."

மாமி அதுவரை செய்த கிண்டலெல்லாம் எங்கே போனதோ, தலையை ஆட்டினார். "அவன் வந்து உக்காரட்டும்மா."

வந்தார். திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாகக் காரில் வந்தார். ஹாலுக்குள் நுழைந்து சீலிங்கைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"நான் எங்கன உக்காரட்டும்?" என்று என்னிடம் கேட்டார்.

"அங்கன உக்காருங்க" என்று சோபாவைக் காட்டினேன். விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரியேதான் அது என் வாயிலிருந்து வந்தது. அவர் நுனியில் உட்கார்ந்தார். மாமி எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் டீ கொண்டுவந்தேன். அவர் வெளுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கிளீன் பண்ணிருக்க" என்றார்.

டீயைக் குடித்து முடித்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கம்பெனில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். மாடில ஒரு ரூம் கட்டிருவோம். அதை முடிச்சிட்டு ஒரேயடியா வந்துருதேன்."

மாமி பிடித்திருந்த கையை விட்டார்.

எனக்கு இப்போது அழுகை வரும் என்று நினைத்தேன். கோபமாவது வரும் என்று பார்த்தேன். இரண்டும் வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருந்தது. அவர் நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.

"மாடி ரூமுக்கு என்ன கலர் அடிக்கணும்?" என்று கேட்டேன்.