கறுத்த மெட்டி

ஜப்பானில் வேலை பார்க்கும் மகள், எங்கள் இருவரையும் எரிமலை அடிவாரத்து வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரு குளம் மயில்துத்த நீலத்தில் கொதிக்கிறது. அடுத்தது செங்கல் கரைத்ததுபோல் சிவப்பு. கணவர் இருமிக்கொண்டே படமெடுக்கிறார். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. புறப்படும் முன் அம்பத்தூரில் எடுத்த அவருடைய நெஞ்சு ஸ்கேன் ரிப்போர்ட் இன்று போனில் வரும்.

கால் நனைக்கும் தொட்டியில் பால்நிற வெந்நீர். சற்று நேரத்தில் காலை எடுத்தால், வெள்ளி மெட்டிகள் கரியாய்க் கறுத்திருக்கின்றன. விரலால் தேய்த்தும் போகவில்லை; கண்ணில் நீர் வழிகிறது.

துண்டு தரும் பெண்மணி பதறிப்போய்த் தன் போனில் பேசி நீட்டுகிறார். அது தமிழில் சொல்கிறது: "மன்னிக்கவும். வெள்ளியைக் கழற்றச் சொல்ல மறந்தேன்."

"கழற்ற மாட்டோம்மா. அவர் இருக்கிறவரைக்கும் கழற்றக் கூடாது."

போன் அதை மொழிபெயர்த்ததும், பெண்மணி என் கணவரைப் பார்த்துக் குனிந்து வணங்குகிறார்.

"இதுக்கு இன்னாத்துக்கும்மே அழுவுற?" என்று கணவர் சிரிக்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முலாம் பூசும் கம்பெனியில் அமிலப் புகையிலேயே காலம் தள்ளியவர். "தண்ணில கந்தகம் கீது. வெள்ளி கறுக்கத்தான் செய்யும். ஊட்டுக்குப் போயி விபூதி போட்டுத் தேச்சா பூடும்."

அவர் சட்டைப்பையில் போன் அதிர்கிறது. சிரிப்பு நின்றுவிடுகிறது. பார்க்காமலே என்னிடம் நீட்டுகிறார். "நீயே பாரு."

ஆங்கிலத்தில் ஒரு பக்கம். கடைசி வரிக்கு ஓடுகிறேன். "பழைய சளித் தழும்புதானாம். பயப்பட ஒண்ணுமில்லையாம்."

அவர் என் பக்கத்தில் மெல்ல உட்காருகிறார்.

"இன்னொரு தபா படி."