இரண்டு தட்டு

வெயிலில் காய்ந்த தார்ப்பாயின் வாசனையும், எத்தனை முறை கழுவினாலும் பலகை இடுக்கில் தங்கிவிடும் மரவள்ளிக்கிழங்கின் புளித்த வாசனையும் சேர்ந்து அடித்தால், இன்றும் என் கை தானாகப் பக்கத்தில் துழாவுகிறது. போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு சரக்கு வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டியில் காத்து நின்றபோது அந்த வாசனை வந்தது. எனக்கு முன்னால் நின்றிருந்த நான்கு வயது மகளின் சட்டையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். "வலிக்குதும்மா" என்றாள். விட்டேன். வண்டி நகர்ந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டேன்.

அப்பாவிடம் ஒரு "குட்டியானை" இருந்தது. சின்னச் சரக்கு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வடக்கனந்தலைச் சுற்றியுள்ள கொல்லைகளிலிருந்து கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி ஆலைகளில் இறக்குவதுதான் அதன் வேலை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், கிழங்குக் காலம் ஓய்ந்து வண்டி சும்மா நின்றபோது, அப்பா திடீரென்று கன்னியாகுமரிக்குப் போவோம் என்றார். காரணம் அம்மா. அவள் கல்வராயன் மலைமேல் பிறந்தவள். கல்யாணமாகிக் கீழே இறங்கியதுதான் அவள் செய்த பெரிய பயணம். கடலைப் பார்த்ததே இல்லை. "எங்க ஊரு மழைத்தண்ணி எல்லாம் எங்க போய்ச் சேருதுன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துடணும்" என்று எப்போதோ விளையாட்டாகச் சொன்னதை அப்பா மனதில் வைத்திருந்திருக்கிறார்.

தங்கும் விடுதிக்கெல்லாம் கொடுத்துக் கட்டாது என்று அவர் வண்டியையே வீடாக்கினார். வெல்டிங் பட்டறையில் இரண்டு நாள் கிடந்து, பக்கவாட்டுத் தகடுகள் இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து சங்கிலியில் மட்டமாக நிற்கும்படி செய்தார். அவற்றின்மேல் பலகை போட்டால் இரண்டு பக்கமும் இரண்டு படுக்கை. நடுவில் ஒரு இரும்புக் குழாயை நிமிர்த்தி அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் கூரை. காலையில் எல்லாவற்றையும் மடக்கிக் கொக்கி போட்டால் பழையபடி குட்டியானை. நாங்கள் அதை "மடக்கு வூடு" என்று அழைத்தோம். எங்கள் தெருவே வந்து ஏறி உட்கார்ந்து பார்த்தது. "இன்னாப்பா, கக்கூஸு எங்க வச்சிகீற?" என்று பக்கத்து வீட்டுச் சித்தப்பா கேட்டார். "தமிழ்நாடு பூரா வச்சிகீறாங்க, நீ கவலப்படாத" என்றார் அப்பா.

முன்னால் அப்பா தனியாக ஓட்டுவார். பின்னால் அம்மா, நான், ஐந்து வயதுத் தங்கை மலர், மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம். பின்னால் இருப்பவர்கள் ஓட்டுநரோடு பேச ஒரே மொழி, கேபின் தகட்டைத் தட்டுவது. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் எல்லாரும் ஏறியாயிற்று, கிளம்பு. லாரி கிளீனர்களை ஓட்டுநர்கள் "கிளி" என்பார்கள். அந்த வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். "நீதான் கிளி. நீ தட்டினா நான் திரும்பிப் பாக்க மாட்டேன். எடுத்துகினு போய்க்கினே இருப்பேன். பாத்துத் தட்டணும்" என்றார். பள்ளியில் எனக்கு லீடர் பதவி கொடுத்தபோதுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து உட்காரவில்லை.

முதல் நாள் இரவு திருச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் தங்கினோம். நாங்கள் தூங்கினோம், அம்மா தூங்கவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளோடு, தெரியாத ஊரில், தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் லாரிகள் வந்து போகும் இடத்தில் அவள் எப்படித் தூங்கியிருப்பாள் என்று இப்போது புரிகிறது. மறுநாள் திருச்சி தாண்டியதும், வெயில் ஏறி, அவள் கண்கள் தானாக மூடத் தொடங்கின. மூடுவதும் திடுக்கிட்டு விழிப்பதுமாக இருந்தாள். நான்தான் சொன்னேன்: "நீ தூங்கும்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். "பெரிய பாப்பா இருக்கும்போது எனக்கு இன்னா" என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டையில் தலைவைத்துப் படுத்தாள். அந்த வாக்கியத்தைத்தான் என்னால் கடக்க முடியவில்லை.

அன்று காலையிலிருந்தே எனக்கு மலர்மேல் கோபம். டீ குடிக்க நின்ற இடத்தில் அவள் அழுது அடம்பிடித்து, கிளம்பும்போது தானே தட்டினாள். அப்பா சிரித்துக்கொண்டே, "ஓகோ, சின்னக் கிளியும் வந்துடுச்சா!" என்றார். அவ்வளவுதான் நடந்தது. பத்து வயதில் அது போதுமானதாக இருந்தது.

நால்வழிச்சாலை வேலை நடந்துகொண்டிருந்த ஓரிடத்தில், டயரைப் பார்க்க அப்பா வண்டியை ஓரங்கட்டினார். மலர் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாள். நான்தான் இறக்கிவிட்டேன். கருவேலம் புதருக்குப் பின்னால் போனவள், வேலையை முடித்துவிட்டு, உதிர்ந்து கிடந்த காய்களைப் பொறுக்கிப் பாவாடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், வரவில்லை. நான் மட்டும் ஏறிக்கொண்டேன். முன்னாலிருந்து அப்பா குரல் கொடுத்தார்: "இன்னா கிளி, ரைட்டா?"

நான் இரண்டு முறை தட்டினேன்.

கொஞ்ச தூரம் உருட்டி அவளைப் பயமுறுத்த வேண்டும், ஓடிவருவாள், உடனே ஒரு தட்டுத் தட்டி நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். அது உண்மையா, பிறகு நானாகச் செய்துகொண்டதா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. புதருக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்ததும், "அக்கா" என்று கூப்பிட்டதும் நிச்சயமாகத் தெரியும். வண்டி வேகமெடுத்தது. நான் ஒரு முறை தட்டினேன். மடக்கிய பலகைகளும் சங்கிலிகளும் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்ததில் அது அப்பாவுக்குக் கேட்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம். கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பியிருக்கலாம். எழுப்பினால் யார் தட்டியது என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, தங்கை மஞ்சள் சட்டையாக, மஞ்சள் புள்ளியாக, பிறகு புழுதியாக ஆவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது அம்மா கண் விழிக்காமலேயே பக்கத்தில் கையால் துழாவினாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

"மலரு எங்கடி?"

"ஏறிட்டான்னு நெனச்சேன்" என்றேன்.

அம்மா கேபின் தகட்டை இரண்டு கையாலும் அடித்த சத்தத்துக்குக் கணக்கு எதுவும் கிடையாது. அப்பா வண்டியை நிறுத்தி, விஷயம் புரிந்து, எதிரே வந்த லாரிகளுக்கு நடுவில் திருப்பியபோது குடம் கவிழ்ந்து அரிசியெல்லாம் நனைந்தது. வழி முழுக்க அம்மா பின்பலகையைப் பிடித்து நின்றபடி மஞ்சள் நிறத்தில் எது தெரிந்தாலும் கத்தினாள்.

சாலையோரம் கறுப்புக் குடைக்கடியில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் மடியில் மலர் இருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. கையில் உப்பு, மிளகாய்த்தூள் தடவிய பிஞ்சு. நடுச்சாலையில் ஓடிக்கொண்டிருந்தவளை அந்த அம்மாள்தான் பிடித்து இழுத்திருக்கிறார். அவர் எங்களைத் திட்டவில்லை. அம்மாவை மட்டும்தான் திட்டினார். "ஏந்தாயி, சாமான எறக்கி வச்சிட்டு மறந்துட்டுப் போற மாதிரி புள்ளைய விட்டுட்டுப் போவியளா? ஒரு லாரிக்காரன் அடிச்சிருந்தா? நீயெல்லாம் எதுக்குப் பெத்த?"

அம்மா மலரை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். வண்டிக்கு வந்ததும் அப்பா தொடங்கினார். "புள்ளைய பக்கத்துல வச்சிகினு அப்படி இன்னா தூக்கம் உனக்கு?"

நான் வண்டியின் நிழலில் நின்றிருந்தேன். என் பெயர் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். தூங்கச் சொன்னதே பெரியவள்தான் என்று அம்மா சொல்லியிருக்கலாம். "நாந்தாங்க தூங்கிட்டேன்" என்றாள். பச்சைப்பிள்ளைமேல் பாரத்தைப் போட்டது தன் தவறு என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

கன்னியாகுமரிக்குப் போனோம். கடற்கரைப் புகைப்படக்காரர் எடுத்த படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அப்பா கடலைப் பார்க்கிறார், மலர் அலையைப் பார்த்து வாய்பிளந்திருக்கிறாள். கடலைப் பார்க்கத்தான் வந்த அம்மா, கடலுக்கு முதுகு காட்டி நின்று எங்கள் இருவரையும் பார்க்கிறாள். அவள் உதடு லேசாக அசைந்திருப்பது படத்தில் தெரியும். எங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இருந்தது இரண்டே பேர்.

அதற்குப் பிறகு அம்மா எந்தப் பயணத்திலும் தூங்கியதில்லை. சங்கராபுரம் போகும் அரை மணிநேரப் பேருந்தானாலும், திருக்கோவிலூர்க் கல்யாணத்துக்குப் போய் அலுத்துத் திரும்பினாலும், முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி விழித்தே வருவாள். அப்பா யாராவது விருந்தாளி வந்தால் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். "எங்க ஊட்டம்மா தூங்குனா புள்ளைங்க கம்மியாயிடும்" என்று முடிப்பார். அம்மாவும் கூடச் சிரிப்பாள். மலருக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் வெள்ளரிப்பிஞ்சு மட்டும்தான். இப்போது கோயம்புத்தூரில் வேலை செய்கிறாள், "அந்த மாதிரி உப்பு காரம் அப்புறம் எங்கயும் கெடைக்கல" என்பாள். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போவேன்.

போன மாதம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு காரில் மலைக்குப் போனோம். பின் இருக்கையில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த என் மகளின் கவுன் நுனியை அம்மா சுருட்டிப் பிடித்திருந்தாள். நான் கதவுப் பூட்டை மூன்று முறை சரிபார்த்தேன். வெள்ளிமலையில் டீக்கு நின்றபோது, குழந்தையை இறக்கிய என் கணவரிடம் அம்மா அந்தக் கதையைத் தொடங்கினாள். "கண்ணு அசந்துடாதீங்க மாப்பிள்ள. நான் பண்ண தப்ப யாரும் பண்ணக்கூடாது." அவர் சிரித்து, "எந்தக் காலத்துக் கதை அத்தை!" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைப்பக்கம் போனார்.

நான் சொல்லிவிட்டேன். எந்த முன்னேற்பாடும் இல்லை. "அவ ஏறலைன்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சேதான் தட்டினேன்."

அம்மா டீயைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தட்டா?"

"ரெண்டு."

அம்மா சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னித்தேன் என்றோ, குழந்தைதானே என்றோ சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இப்போது நினைத்தால் அந்த எதிர்பார்ப்பும் கூச்சமாக இருக்கிறது. "அவரு இருக்கும்போதே சொல்லியிருக்கலாம் இல்லடி" என்றாள். "அந்த மனுஷன் கடைசி வரைக்கும் அதச் சொல்லிகினேதான போனாரு." அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. டீ ஆறிப்போனது. அவள் குடிக்கவில்லை.

குட்டியானையை அப்பா இருக்கும்போதே விற்றுவிட்டோம். மடக்கு வூட்டின் பலகைகள் கொஞ்சநாள் கோழிக்கூண்டாக இருந்து கரையான் அரித்துப்போயின. சங்கிலி மட்டும் அம்மா வீட்டு மாட்டுக்கொட்டகையில் தொங்குகிறது. இப்போது எங்கள் தெருவில் சரக்கு ஏற்றப் போகிறவர்கள் முன்னால் இருப்பவரைக் கைபேசியில் கூப்பிட்டே கிளம்பச் சொல்கிறார்கள். தட்டுவதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் இனி மூன்று பேர்தான், அதில் மலருக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

அன்று மலையிலிருந்து இறங்கும்போது அம்மா மறுபடி என் மகளின் கவுன் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நீ தூங்கும்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ, கவுன் நுனியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் தளர்ந்தன. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் தூங்கிப்போனாள். ஒவ்வொரு வளைவிலும் தலை கண்ணாடியில் இடித்துவிடாமல் நடுவில் என் கையைக் கொடுத்துக்கொண்டு, மறு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, அடிவாரத்துக் கச்சிராயபாளையம் வரும்வரை நான் கண் இமைக்கவில்லை.