மூன்று சிலிண்டர் வண்டிக்குப் பின்னால்

என் வண்டியின் எஞ்சின் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றேழு சிசி. நான்கு சிலிண்டர், எண்பது குதிரைத்திறனுக்கு மேல். தங்கச்சி வண்டி எழுநூற்றுத் தொண்ணூற்றாறு சிசி, மூன்றே சிலிண்டர், முப்பத்தேழு குதிரை. இந்தக் கணக்கை மனப்பாடம் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளை நினைத்து வயிறு எரியும்போதெல்லாம் நானே சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அவளுடையது இருபது வருசத்துக்கும் மேலான பழைய வண்டி. ஏசி கிடையாது. காலையில் சோக்கை இழுத்துவிட்டால்தான் கிளம்பும். அதில்தான் சிலமலையிலிருந்து தினமும் போடிக்கு வேலைக்கு வருகிறாள். ஒருநாள்கூட வழியில் நின்றேன் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்க ஆசையாகத்தான் இருந்தது.

எங்கள் இருவருக்கும் மெக்கானிக் ஒருவர்தான். அவள் வண்டியைப் பார்த்தாலே அவர் முகம் மலர்ந்துவிடும். "சின்ன எஞ்சின்தான். ஆனா ஏமாத்தாது. ஆயில மாத்தி, தண்ணியப் பாத்து விட்டாப் போதும், அது பாட்டுக்கு ஓடும்" என்பார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவளைத் திட்டுவார். மலை ஜீப்காரர்கள் மாதிரி அவளும் ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுவாள். எஞ்சின் சூட்டைத் தணிக்கிற பச்சைக் கூலண்ட் வாங்கியதே இல்லை. ஒருமுறை என் வண்டியைப் பற்றிக் கேட்டேன். "இதுவும் நல்ல எஞ்சின்தான்க்கா, பாத்துக்கிட்டா" என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. சர்வீஸுக்கு விடும் நாள் தவிர நான் பானெட்டைத் திறந்ததில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவும் அந்த வண்டியில்தான் ஏறுவாள்.

அம்மா போடிமெட்டுக்கு மேலே எங்கள் சின்ன ஏலத்தோட்டத்து வீட்டில் இருக்கிறாள். இந்த முறை கண் ஆபரேஷனுக்காகக் கீழே வந்தவள் ஒரு வாரம் என் வீட்டில் தங்கினாள். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது நான். தலையில் தண்ணீர் படாமல் மேலுக்கு ஊற்றிவிட்டது நான். ஊருக்குத் திரும்புகிற நாள் வந்ததும், "சின்னவள வரச் சொல்லு. அவ வண்டின்னா தலை சுத்தாது" என்றாள். நானும் பின்னாலேயே வருகிறேன் என்றேன். எதற்கு என்று அவள் கேட்டாள். தோட்டத்தில் சோலி இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

அன்று காலை என் வண்டியைக் கழுவுவதற்காக வாசலிலிருந்து தெருவுக்கு எடுத்து நிறுத்தினேன். காலியான இடத்தில் தங்கச்சி வந்து நிறுத்தினாள். காப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பார்த்தேன். அவள் வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில், சிமெண்டுத் தரையில், நாலைந்து பச்சைச் சொட்டு.

கூலண்ட் ஒழுகுகிறது. இந்த நிலைமையில் மலையடியில் இருக்கிற முந்தல் தாண்டி ஏறினால் பாதி மலையில் கொதித்துவிடும். சொல்லியிருக்க வேண்டும். நான் காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு கேனில் தண்ணீர் பிடித்து என் டிக்கியில் வைத்தேன். வண்டி நிற்கும், அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள், நான் கேனோடு இறங்குவேன், அம்மா என் வண்டிக்கு மாறுவாள். நினைக்கவே இனித்தது. புறப்படும் நேரத்தில் தங்கச்சியும் என் வீட்டுக் குழாயில் இரண்டு கேன் பிடித்தாள். ஓட்டை அவளுக்கே தெரிந்திருக்கிறது, அம்மா முன்னால் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினேழு கொண்டை ஊசி வளைவு. அவள் இரண்டாவது கியரில், ஜன்னலைத் திறந்துவிட்டு, அவசரமில்லாமல் ஏறினாள். நான் ஏசியைப் போட்டுக்கொண்டு, மூன்றாவது கியரில் திணறத் திணற, அவள் பானெட்டிலிருந்து எப்போது புகை வரும் என்று பார்த்தபடியே போனேன். என் டாஷ்போர்டில் எரிந்த எஞ்சின் சூட்டுச் சிவப்பு விளக்கை நான் பார்க்கவே இல்லை. என் பானெட்டிலிருந்து ஆவி எழும்பிக் கண்ணாடியை மறைத்த பிறகுதான் பிரேக்கை மிதித்தேன்.

தங்கச்சி மேல் வளைவில் நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். அம்மாவும் இறங்கி மெல்லப் பின்னால் வந்தாள். நான் பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"அக்கா, கைய எடு! வெந்துபோகும்."

வண்டிக்கு அடியில் பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. இவள் வண்டியில் பச்சை ஏது? வாசலில் இரவெல்லாம் நின்றது என் வண்டி. மூன்று சிலிண்டரில்தான் குறை இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தால் இது தெரியாமல் போயிருக்கும்!

ஆறும்வரை அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஈரத்துணி போட்டு மூடியைத் திறந்தாள். தளர்ந்திருந்த ஹோஸ் கிளிப்பை ஸ்குரூடிரைவரால் இறுக்கினாள். அவள் கை அவ்வளவு பழக்கமாக வேலை செய்ததைப் பார்த்து அந்த நிலையிலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

"காலையில வண்டிய விடும்போதே சொட்டு கெடந்ததப் பாத்தேன்க்கா" என்றாள், தலை நிமிராமல். "இது ஒன் வண்டிதான்னு தெரியும். சொன்னா என் வண்டியக் கொறை சொல்றியான்னு கோவிச்சுக்குவ. அதான் ஒனக்குன்னு ரெண்டு கேன் பிடிச்சுக்கிட்டேன். ஏத்தத்துல கண்ணாடியிலயே ஒன்னைப் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன்."

அவளும் என்னைப் போலவே சொல்லாமல்தான் வந்திருக்கிறாள். ஆனால் அவள் சொல்லாதது என் கோபத்துக்குப் பயந்து.

ஒரு கேன் பத்தவில்லை. இரண்டாவதையும் ஊற்றினாள். "மேல போயி வேணும்னா பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே காலிக் கேன்களை வைப்பதற்காக என் டிக்கியைத் திறந்தவள், உள்ளே நிறைந்திருந்த கேனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மூடினாள். அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"அம்மா, நீ அக்காகூட ஏறு. அது தனியா வந்தா பயப்படும்" என்றாள்.

அப்படித்தான் அம்மா என் வண்டியில் ஏறினாள், தங்கச்சி போட்ட பிச்சையாக. கறுப்புக் கண்ணாடியோடு முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு வளைவு தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏசியை அணைத்திருந்தேன். இரண்டாவது கியர். விளக்கு எரியவில்லை.

"பெரியவளே, ஒன் வண்டி ஒழுகுறது ஒனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா."

"பெறகு எதுக்கு டிக்கியில தண்ணி வச்சிருந்த?"

முன்னால் தங்கச்சி வளைவில் திரும்பினாள். கை நீட்டி, வா என்று காட்டினாள். நான் கியரை மாற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். மாற்ற வேண்டிய ஏற்றம் அது இல்லை. அம்மாவுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது.