அத்தை பார்த்த விரால் குஞ்சுகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் மண்டபம் என்ற கடலோர ஊரில் கடல் ஆராய்ச்சி வேலையில் சேர்ந்தபோது நான் கொஞ்சம் திமிராகத்தான் இருந்தேன். பரமத்திப் பக்கத்து ஐம்பதடிக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவனைக் கடல் என்ன செய்துவிடும்?

முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு இறங்கிய முதல் நாளே திமிர் கரைந்தது. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் யாரோ முறுக்குத் தின்பதுபோல் கேட்டது. கல் என்று கைவைக்கப் போனேன். அது நிறம் மாறி எட்டுக் கைகளோடு நழுவிப் போனது. கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு விரல் நீளக் கடல்குதிரை ஒன்று நின்றது.

தீபாவளிக்கு ஊர் வந்ததும் பக்கத்துத் தோட்டத்து அத்தையிடம் சொன்னேன். அப்பாவின் தங்கை, ஐம்பது வயதிலும் தினமும் கிணற்றில் நீந்துபவர்.

"குதிரையா? கடலுக்குள்ள அதுக்கு யாரு சாமி புல்லுப் போடறது?"

"புல்லும் அங்கயே மொளைக்குதுங்க அத்தை."

அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "பையனுக்கு உப்புத் தண்ணி ஒத்துக்கலையாட்ட இருக்குதுங்க."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. முக்குளிக்கும்போது போடும் முகக்கண்ணாடியைப் பையில் கொண்டுவந்திருந்தேன். மறுநாள் காலை அதை அத்தையிடம் கொடுத்து, "இதப் போட்டு உங்க கெணத்தையே பாருங்க" என்றேன். எச்சில் துப்பித் தேய்த்தால் கண்ணாடி மங்காது என்றதும் முகம் சுளித்தார், ஆனாலும் துப்பினார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முங்கினார்.

வெகுநேரம் வரவில்லை. நான் குதிக்கப் போன நேரத்தில் தலை மேலே வந்தது.

"செவப்பு செவப்பா, பொடிப் பொடியாக் குஞ்சுக சாமி! நூறு இருநூறு இருக்கும். பக்கத்துல பெரிய விராலு காவல் நிக்குது. என்னையப் பாத்து ஓடலை, முட்ட வருது! இத்தன வருசமா இதுலதான முங்கறேன், ஒரு நாளாச்சும் கண்ணுல பட்டுச்சா?"

மீன்களைப் படித்துப் பட்டம் வாங்கிய நானும் அங்கே பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

"கண்ணாடிய எனக்குக் குடுங்க அத்தை."

"இரு சாமி." மறுபடி முங்கிவிட்டார்.

மாலையில் மாமா தூண்டிலும் மண்புழுவுமாகக் கிணற்றுக்குக் கிளம்பினார். அத்தை வழிமறித்தார்.

"குஞ்சு பெருசாகற வரைக்கும் தூண்டலு இந்தப் பக்கம் வரக்கூடாதுங்க."

"அப்பறம் கொழம்புக்கு?"

"கறிக்கடை தொறந்துதான் இருக்குது."

மாமா தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.