மாமனார் சாயலில் நாற்பது கூரை

நான் வீட்டோடு மாப்பிள்ளை. இதைச் சொல்ல இப்போது கூச்சமில்லை, தொண்ணூறுகளில் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்த என் அம்மாவைப் பார்ப்பதற்குக்கூட, ராஜபாளையத்தில் மாமனாரிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. "சாயங்காலம் வந்துருவீகள்ல மாப்ளே?" என்று மட்டும் கேட்பார். எனக்கு மூச்சு முட்டும்.

மில் ஷெட்டுகளின் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள், எங்கள் பேச்சில் ட்ரஸ், செய்கிற பட்டறை அவருடையது. சிவில் படித்த நான் அங்கே பலம் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. கடிதத்தை மாமனாரிடம் நீட்டினேன். ஆராய்ச்சித் தலைப்பில் ஜெனடிக் அல்காரிதம் என்றிருந்த இடத்தில் விரலை வைத்து, "இது என்னது?" என்றார்.

"இயற்கையில நடக்கிறதுதான் மாமா. நாப்பது ட்ரஸ்ஸ கம்ப்யூட்டர்ல விடுவோம். கனமானதும் தாங்காததும் செத்துப்போகும். நல்லது ரெண்டு ரெண்டா ஜோடி சேந்து புள்ள பெறும். தலைமுறைக்குத் தலைமுறை எடை குறையும்."

"இரும்பு புள்ள பெறுமாக்கும்!" சிரித்தார். "சரி, புது ஷெட்டுக்கு என் ட்ரஸ்ஸ விட நூறு கிலோ குறைச்சுக் காட்டுங்க. பொறவு நான் குறுக்க நிக்கல."

சென்னையில் போய்ச் சேர்வதற்கு இருபது நாள் இருந்தது. நூறு தலைமுறை ஓடியும் நாலு கிலோதான் குறைந்தது. இருநூறு ஓடியும் அதே நாலு. சனியன், நகருவேனா என்றது. பதினைந்தாம் நாள் ஆத்திரத்தில் மேசையைக் குத்தினேன். காப்பி கொண்டுவந்த மனைவி செத்த நேரம் திரையைப் பார்த்தாள்.

"ஏங்க, மொத நாப்பதும் எங்கேருந்து வந்துச்சு?"

"உங்கப்பா ட்ரஸ்தான். அங்கங்க கொஞ்சம் மாத்தி..." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மரியாதையோ பயமோ, நாற்பதிலும் அவர் வைத்த உயரம், அவர் வைத்த சாய்வு. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எத்தனை தலைமுறை போனாலும் அவர் முகம்தானே வரும்! என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அதையெல்லாம் அழித்துவிட்டு, கன்னாபின்னாவென்று நாற்பது போட்டேன். பாதி பார்க்கவே சகிக்கவில்லை. மூன்றாம் நாள் நூற்றுப் பதினெட்டு கிலோ குறைந்தது. கையால் இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாங்கும். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன்.

மாமனார் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "ஏலே, எல்லாரும் இங்க வாங்கலே! இம்புட்டு வருசமா நான் போட்டதத் தூக்கி ஓரமா வச்சிட்டாரு எங்க மாப்ளே" என்று பட்டறை ஆட்களைக் கூப்பிட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சொன்ன சொல் சொன்னதுதான், நான் குறுக்க நிக்கல. ஆனா இனிமே எல்லா ஷெட்டுக்கும் இதுதான். நீங்க போய்ட்டா இத யாரு மாப்ளே போடுவா?"

போகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் பிடித்த கைகளை விடவில்லை. "இருக்கேன் மாமா" என்றேன்.

வீட்டுக்குள் போனால் பெட்டி திறந்து கிடந்தது. எனக்குத் தெரியாமல் மனைவி தன் சேலைகளையும் அதில் அடுக்கி வைத்திருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.