கொய்யாக் கட்டையின் ஈரம்

மரத்தில் பழம் கடைவது நான் ஓய்வுபெற்ற பிறகு பிடித்துக்கொண்ட வேலை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தரைத்தள வீடு. பின்பக்கம் ஷீட் போட்ட நீள அறையில் கடைசல் லேத்து இருக்கிறது. கட்டில் கால் கடைந்துகொண்டிருந்த ஒருவர் வேறு தொழிலுக்குப் போனபோது அவரிடமிருந்து வாங்கியது. தெற்கிலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் சிப்காட் ஆலைகளின் வாடை வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு கடைவேன்.

அதற்கு முன் நாளிதழ்களில் இருந்தேன், பெரும்பாலும் இரவு நேர மேசையில், வெவ்வேறு ஊர்களில். திருமணம் செய்துகொள்ளவில்லை. சில நாட்களில் மாலை டீக்கடையில் 'சர்க்கரை கம்மி' என்று சொல்வதுதான் அன்று நான் வாய்விட்டுப் பேசும் முதல் சொல்லாக இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடப்பது அப்படி.

பழம் கடைவதில் நானே வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. எந்தப் பழமோ அந்த மரத்தில்தான் செய்ய வேண்டும். மாங்கட்டையில் மாம்பழம், சப்போட்டாக் கட்டையில் சப்போட்டா. எலுமிச்சைக்கு மட்டும் விலக்கு. எலுமிச்சைக் கட்டை எனக்குக் கிடைத்ததில்லை, பலாவின் மஞ்சள் அதற்குப் பொருந்திவிடும். லேத்துக்கு உருண்டைதான் தெரியும். சப்போட்டாவும் நாவலும் சுலபம். மாம்பழத்தின் மூக்கு ஒருபக்கமாக வளைந்திருப்பதால் அதை லேத்திலிருந்து இறக்கி, அரத்தாலும் உப்புத்தாளாலும் கையால் முடிக்க வேண்டும். கொய்யாவின் அடியில் இருக்கும் காய்ந்த பூ முனைக்கு ஒரு துளை போட்டு, மளிகைக் கடைக் கிராம்பைச் செருகுவேன். பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

என் தங்கை சிதம்பரத்தில் இருக்கிறாள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. அம்மா அவளோடு இருந்தவரை அம்மாவைப் பார்க்கப் போனேன். பிறகு போவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அது அமையவில்லை. பழங்களைப் படம் எடுத்துப் போனில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும்.

ஆவணியில் ஒருநாள் அவள் கணவர் கூப்பிட்டார்.

"மச்சான், பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்கோம். மங்கலம்பேட்டை எடம். கண்டிப்பா வந்துடுங்க. அப்புறம் ஒரு விஷயம், தப்பா நெனைக்காதீங்க. தாய்மாமன் எடத்துல ஒங்க சித்தப்பா மவன நிக்கச் சொல்லியிருக்கேன். ஜோடியா நின்னாதான் நல்லாருக்கும். போட்டோவுக்கும் பாக்க லட்சணமா இருக்கும்."

"சரி" என்றேன். அந்த வீட்டில் எனக்கு இருந்தது அந்த ஓர் இடம்தான். அந்தப் பெண் பிறந்த அன்று, நான் எதுவும் செய்யாமலே கிடைத்தது. அதைக் கேட்டு வாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு தட்டுப் பழம் செய்து கொண்டுபோய்த் தங்கையிடம் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அவள் வீட்டுக் கூடத்தில் டி.வி.க்கு மேல் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் இருக்கிறது. அதில் வைப்பாள். வருகிறவர்கள் யார் செய்தது என்று கேட்பார்கள். அண்ணன் செய்தது என்று அவள் சொல்ல வேண்டியிருக்கும்.

மாம்பழம், சப்போட்டா, நாவல், எலுமிச்சை எல்லாம் காய்ந்த கட்டையில் அமைந்தன. கொய்யாவுக்குக் கட்டை இல்லை. அடுத்த தெருவில் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று ஒரு கொய்யா மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கேட்டு எடுத்துவந்தேன். கையில் தூக்கும்போதே அதன் ஈரம் எடையில் தெரிந்தது. இரண்டு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் பல மாதம் போட்டுவைக்க வேண்டிய கட்டை அது. நிச்சயத்துக்கு இருந்தது சில நாட்கள். உளியை வைத்ததும் சீவல் உடையாமல் நீளமான ஈர நாடாவாக வந்து கையில் விழுந்தது. மற்ற எல்லாவற்றையும்விடக் கொய்யாதான் அழகாக வந்தது.

சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய சின்ன மண்டபம். நான் சீக்கிரமே போய்விட்டேன். தங்கை பட்டுப் புடவையில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். "வாண்ணா, உக்காரு, தோ வரேன்" என்று சொல்லிப் போனவள் வரவில்லை. பக்கத்து அறையில் காலியாகக் கிடந்த ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, அட்டைப் பெட்டியில் காகிதம் சுற்றிக் கொண்டுவந்த பழங்களை அதில் அடுக்கினேன். வந்தால் பெட்டியோடு கொடுக்காமல் பார்க்கும்படி கொடுக்கலாம் என்று நினைத்தேன். செய்த தவறு அதுதான். நிச்சயதார்த்த மண்டபத்தில் தாம்பாளத்தில் ஏறிய எதுவும் தனிச்சொத்தாக இருப்பதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசைத் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த தங்கை கணவரின் அக்கா சத்தம் போட்டார்.

"எட்டு வருதே! எவடி எண்ணி வச்சது? எட்டுத் தட்ட யாராச்சும் சபையில வெப்பாங்களா?"

"பூத் தட்ட ரெண்டாப் பிரிச்சுடலாமா அண்ணி?" என்றாள் ஒருத்தி.

"இருக்கறதே ரெண்டு மொழம். அதப் பிரிக்கிறாளாம் பிரிச்சு."

அப்போது அவர் கண்ணில் என் தாம்பாளம் பட்டது. "தோ பழம் இருக்கு பாரு, வாயத் தொறந்து சொல்றீங்களா!" தூக்கினார். "இன்னாடி இது, இந்தக் கனம் கனக்குது... மரமா? மரமா இருந்தா இன்னா, பழம் பழந்தான்." ஒரு கொத்து வெற்றிலையை மேலே வைத்து ஒன்பதாவது தட்டாகக் கொண்டுபோனார்.

நான் வாசற்படி அருகில்தான் நின்றேன். அது சீர் இல்லை, என் தங்கைக்கு என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா அதற்குள் படியேறிவிட்டார். பெண் வீட்டில் தட்டு குறைகிறது என்பதை அவர் காதுபடத்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

சித்தப்பா மகனும் அவன் மனைவியும் மேடையில் நின்றார்கள். சந்தனம், மாலை, பிறகு தட்டு மாற்றினார்கள். ஒன்பது தட்டும் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போயின. மாப்பிள்ளையின் அம்மா கொய்யாவை எடுத்து மோந்து பார்த்தார். "அய்ய, கிராம்பு வாசம் வருது! யாரு குடுத்தது இது?"

"தாய்மாமன் சீரு" என்றது ஒரு குரல்.

அவர் சித்தப்பா மகனைப் பார்த்துக் கும்பிட்டார். அவன் என்னைத் தேடிக் கூட்டத்தில் ஒருமுறை பார்வையை ஓட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் பதிலுக்குக் கும்பிட்டான். அந்த அம்மாள் கொய்யாவைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, மற்றவற்றைத் தங்கள் பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். நாவல் கிடைத்த பெண் அதைக் கம்மல் போலக் காதில் வைத்துக் காட்டிச் சிரித்தாள்.

"சாப்டியாண்ணா? பந்தி முடிஞ்சிடும் போ" என்று தங்கை சொன்னாள். அன்று எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோர இருக்கையில் கடலூர் வந்து சேர்ந்தேன். பெட்டியில் காகிதம் மட்டும் இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை தங்கையே கூப்பிட்டாள். மணி அடித்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன்.

"அண்ணா, அந்தக் கொய்யா வெடிச்சுப்போச்சாம். சம்பந்தியம்மா போன் பண்ணாங்க. ஷோகேஸ்ல பட்டுனு ஒரு சத்தமாம், போய்ப் பாத்தா மேலேந்து கீழ வரைக்கும் பொளந்து கெடக்காம். நிச்சயம் ஆன வீட்ல சீர்ப் பழம் பொளந்தா இன்னா அர்த்தம்னு கேக்குறாங்க."

"ஒரு அர்த்தமும் இல்ல. ஈரக் கட்டை."

"அத நீ வந்து சொல்லு."

"தம்பி போவட்டுமே. சீர் அவன் பேர்லதான போச்சு."

எதிர்முனையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினாள். பிறகு அவள் சொன்னாள். "அவனா லேத்து வச்சிருக்கான்? தாய்மாமன் சீர்ல கொறைன்னு சொல்றாங்கண்ணா. தாய்மாமன் யாரு, நீதான? கெளம்பி வா."

விருத்தாசலம் பஸ் நிலையத்தில் எனக்கு முன்பே வந்து நின்றாள். மங்கலம்பேட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, சம்பந்தி வீட்டில் நான் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று வழிநெடுகப் பாடம் எடுத்தாள்.

சம்பந்தியம்மா கொய்யாவை ஒரு கைக்குட்டையில் வைத்துக் கொண்டுவந்தார். நடுத்தண்டிலிருந்து கிளம்பி வெளிவரை வந்திருந்தது பிளவு. நகம் உள்ளே போகும் அகலம். கிராம்பு மட்டும் அப்படியே இருந்தது.

"ஈரத்தோட கடைஞ்சுட்டேன்மா. வெளிப்பக்கம் சீக்கிரம் காஞ்சு சுருங்கும். உள்ள காயாது. அப்ப வெடிச்சுடும். என் அவசரம்தான், வேற ஒண்ணுமில்ல."

"நீங்க செஞ்சதா? அப்ப அன்னிக்கு மேடையில நின்னவரு?"

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரு எங்க சித்தப்பா மவன். இவருதான் பொண்ணுக்குச் சொந்த மாமா."

"இவர ஏன் ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று சம்பந்தியம்மா சிரித்தார். "சரி சார், காஞ்ச கட்டையில ஒண்ணு செஞ்சு குடுத்துடுங்க. தையிலதான கல்யாணம், அதுக்குள்ள போதும். ஆனா கிராம்பு வைக்கணும்."

அதே மரத்தில் மீதமிருந்த கட்டையைப் பழத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டையாகக் கடைந்து, மெழுகு பூசி அலமாரியில் வைத்தேன். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுப்பேன். எடை குறையக் குறையக் கட்டை காய்கிறது என்று பொருள். குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

தங்கையும் வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாள். முதல் கேள்வி, "காஞ்சுதாண்ணா?" இல்லை என்றால் பேச்சு வேறு பக்கம் போகும். பெண்ணின் ரவிக்கையைத் தையல்காரர் கெடுத்தது, அவள் கணவரின் முழங்கால் வலி, நான் மதியம் என்ன சமைத்தேன் என்பது. கல்யாணத்தில் தாய்மாமன் மாலையை யார் எடுத்துக் கொடுப்பது என்ற பேச்சு இன்னும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. எப்படியும் கொய்யாவைக் கொண்டுபோய்க் கொடுக்கும்வரை அவள் கூப்பிட்டாக வேண்டும்.

சென்ற இரண்டு வாரமாகத் தராசில் எண் மாறவில்லை. நேற்று அவள் கேட்டபோது, இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு என்றேன்.

"மழை விட்டாதான அண்ணா காயும்?" என்று அவளே காரணமும் சொன்னாள். பிறகு, மதியத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்டாள்.