கோரைக்கு முடி வெட்டியவர்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்றால்தான் தெரியும். சலூன் வைத்திருந்தார். கழுத்தில் துணியைக் கட்டியதும் ஆரம்பிக்கிற பேச்சு, பவுடர் தட்டி அனுப்புகிறவரை நிற்காது. தலையில் முடியே இல்லாதவர்கள்கூடப் பேச்சுக்காக வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஒரே ஒரு ஆள் மட்டும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது அவருடைய மாமியார்.

நாற்பதுக்கு மேல் காதல் வந்தால் அவசரமும் கூடவே வந்துவிடும் போல. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணைப் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, சாயங்காலம்தான் அவள் அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை! மகளிடம் பேசினார், பக்கத்து வீட்டு நாயிடம்கூடப் பேசினார், மருமகனிடம் மட்டும் மூச்சு விடவில்லை. சாப்பிடும்போது அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்; “வந்திருக்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு” என்று மகளிடம் சொல்வார்.

“அம்மா உங்களை ஒரே ஒரு தடவை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டுட்டா போதுங்க, எனக்கு வேற எதுவும் வேண்டாம்,” என்று மனைவி ஒரு நாள் அழுதேவிட்டாள்.

மாமியார் தையல் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வாரம் முழுக்க மெஷின் சத்தம் காதைக் குடையும். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். கரையில் கோரைப்புல் அடர்ந்த ஒரு மூலைதான் அவருடைய இடம். ரேடியோவும் ஒரு தூண்டில் வாங்கிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார். சலூனுக்கு ஞாயிறுதான் கூட்டம். வாடிக்கைக்காரர்கள் திட்டினார்கள். திட்டட்டும், மாமியார் மனசு முக்கியமா, மண்டை முக்கியமா?

மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு முள் உண்டு என்பது மட்டும்தான். கரையில் தொம் தொம்மென்று நடந்து போய் உட்கார்ந்தார். தூது சொல்ல அங்கே மகள் இல்லையே, இனி பேசித்தானே ஆகணும் என்று உள்ளுக்குள் சந்தோஷம். மாமியாரா அசருவார்? மீன் போடுகிற பிளாஸ்டிக் பக்கெட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

“பக்கெட்டு, காலை மெதுவா வைக்கச் சொல்லு. வந்த மீனெல்லாம் ஓடிப்போச்சு.”

மீன்வளத் துறையில் வேலை பார்க்கிற ஒருவர் சலூனுக்கு டை அடிக்க வருவார். டை காய்கிறவரை ஆள் எங்கேயும் ஓட முடியாது. ரேடியோ அவரைப் பிடித்துக்கொண்டார். மீனின் விலாவில் ஒரு கோடு ஓடுகிறது, அதை வைத்துத்தான் தண்ணீரின் சின்ன அதிர்வைக்கூட அது கண்டுபிடிக்கிறது என்று அவர் சொல்ல, ரேடியோவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு பூனை மாதிரி நடந்து போனார். நடைதான் பூனை, வாய் பழைய வாய்தான்.

“கால் சத்தம்தான் கூடாதாம் அத்தை. நாம வெளியே பேசுறது தண்ணிக்குள்ள அவ்வளவா இறங்காதாம். எவ்வளவு வேணும்னாலும் பேசலாமாம்!”

“பக்கெட்டு, மீனுக்குக் கேக்காது சரி. எனக்குக் கேக்குதே.”

பேச்சைக் குறைத்தும் அவர் தூண்டில் முள்ளில் ஒன்றும் மாட்டவில்லை. மாமியாருக்கு மட்டும் கெண்டை கெண்டையாய் விழுந்தது. இரைக்காக ரேடியோ உருட்டிய மாவை மாமியார் ஒருமுறை முகர்ந்து பார்த்தார். “பக்கெட்டு, இன்னைக்கு ஏரியில இருக்கிற மீனுக்கெல்லாம் ஷேவிங்காம்!” அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வருஷக்கணக்காக லோஷன் ஊறிய கை அது. மீனுக்கு மூக்கு மோப்பம் பிடிக்க மட்டும்தான், மூச்சு விடுவது செவுளால் என்று டைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாரே! அன்றிலிருந்து சேற்றை அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டுதான் மாவைத் தொடுவார். இருந்தும் மீன் வந்தபாடில்லை.

இதோடு விட்டிருந்தால் நல்ல மனிதர். மாமியாரின் தூண்டில் நூல் அடிக்கடி கோரையில் சிக்கிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கை துறுதுறுத்தது. ஒரு சனிக்கிழமை மாலை கத்திரியும் கையுமாகப் போய், அந்த மூலையையே அழகாகக் கிராப் வெட்டிவிட்டார். ஓரத்தில் சரிவு வேறு!

மறுநாள் மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பக்கெட்டிடம்கூடப் பேச்சில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்தடுத்த வாரங்களிலும் அந்த மூலையில் மிதவை அசையவே இல்லை.

“அடப்பாவி மனுஷா!” என்றார் டைக்காரர், பாதி கறுத்த தலையோடு. “அது புல்லா? மீனோட வீடுய்யா. அந்தத் தண்டுலதான் கெண்டை முட்டையை ஒட்டி வைக்கும். அந்த மறைவுலதான் குஞ்சு ஒளியும். பூச்சி அங்க இருக்கும், பூச்சியைத் தின்ன சின்ன மீன் வரும், அதைத் தின்ன பெரிய மீன் வரும். எல்லாத்தையும் சேத்து மொட்டையடிச்சுட்டீரே!”

ரேடியோ அன்று முழுக்கப் பேசாமல் முடி வெட்டினார். உடம்பு சரியில்லையா என்று எல்லாரும் விசாரித்தார்கள். கல்யாணத்தில் கெடுத்தது போதாதென்று அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே நிம்மதியையும் கெடுத்துவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வேர் பிழைத்திருந்ததால் கோரை திரும்ப வளரும் என்று டைக்காரர் சொன்னதுதான் ஆறுதல். அதுவரை குஞ்சுகள் ஒளிந்துகொள்ளட்டும் என்று காய்ந்த கிளைகளைக் கட்டாகக் கட்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாக அமிழ்த்தி வைத்தார். மாமியார் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

கோரை மறுபடி இடுப்பளவு வளர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேடியோவின் மிதவை சடாரென்று உள்ளே போனது. இழுத்தால் கை வலிக்கிறது, அவ்வளவு பெரிய கெண்டை! வாழ்க்கையில் அவர் பிடித்த முதல் மீன், அதுவும் மாமியார் கண் முன்னால். கையை நனைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டார்; காய்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு உரிந்துவிடும், அதற்குக் கவசமே அதுதான். வயிறு உப்பியிருந்தது. உள்ளே முழுக்க முட்டை.

பக்கெட்டில் போட்டால் வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போகலாம். ரேடியோ முள்ளை மெதுவாகக் கழற்றினார், கோரைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தார், அது வாலை ஆட்டியதும் கையை எடுத்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமியார் நேராக அவர் முகத்தைப் பார்த்தார்.

“மீனுக்கு இவ்வளவு யோசிக்கிறீங்க. ஊர்ல போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் பேசுறீங்க. என் பொண்ணைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?”

ரேடியோ அவர் பக்கம் திரும்பினார். “கேட்டிருக்கணும் அத்தை. பயந்துட்டேன்.”

“இப்பக் கேளுங்க.”

முழங்கால் வரை சேறு, கையெல்லாம் மீன் வாடை. அப்படியே எழுந்து நின்றார்.

“அத்தை, உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?”

மாமியார் புழுவை முள்ளில் கோத்து, தூண்டிலை வீசி, மிதவை நிமிர்ந்து நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“யோசிச்சுச் சொல்றேன் மாப்பிள்ளை,” என்றார்.